எந்த ஊரிலிருந்து பார்க்கிறீர்கள்?

வடகிழக்கு ஜப்பானில் செண்டாய் நகரத்துப் பழைய கோட்டையின் அடியில் கோஷிகிநுமா என்றொரு சின்னக் குளம் இருக்கிறது. மெய்ஜி காலத்தின் கடைசி ஆண்டுகளில், குளிரில் அது இறுகிப்போனதும் உள்ளூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலர் தங்கள் ஜெர்மன் ஆசிரியரிடம் அதன்மேல் சறுக்கப் பழகினார்கள். ஜப்பானின் ஃபிகர் ஸ்கேட்டிங் இங்கேதான் பிறந்தது என்று செண்டாய்க்காரர்கள் சொல்வார்கள். கரையில் அதற்கொரு நினைவுச் சின்னமும் வைத்திருக்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் மெட்ரோ நிலையம். அதன் வெளியே இரண்டு ஒலிம்பிக் சாம்பியன்களின் உருவம் பதித்த பலகைகள் நிற்கின்றன. ஒருவர் ஷிசுகா அராகவா, மற்றவர் யுசுரு ஹன்யு. இருவரும் இந்த ஊர்ப் பனித்தளத்தில் வளர்ந்தவர்கள். குளத்தைத் தேடி வருகிறவர்கள் குறைவு. பலகையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளக் கடல் தாண்டியும் வருகிறார்கள்.

குளத்துக்கும் பலகைக்கும் நடுவே ஒரு நூற்றாண்டு கிடக்கிறது. அதற்குள் ஆட்டம் நிறைய மாறியது. ஒரு சுற்றுத் தாவல் நான்கு சுற்றாகிவிட்டது. ஆனால் ஆட்டத்தைவிட அதிகமாக மாறியது அதைப் பார்க்கிறவர்களின் முகவரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த விளையாட்டின் ரசிகர்கள் இருவர் அறிமுகமானால் முதலில் கேட்டுக்கொள்வது அன்றும் இன்றும் ஒரே கேள்வி: எந்த ஊர்? அன்று அந்தப் பதிலிலிருந்து தெரிந்தது, எதிரில் இருப்பவர் எதையெல்லாம் பார்த்திருக்க முடியும் என்பது. இன்று தெரிவது, அவர் எத்தனை மணிக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார் என்பது.

முதல் உலகச் சாம்பியன்ஷிப் 1896இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்தபோது போட்டியிட்டவர்கள் நான்கே பேர். வென்றவர் ஜெர்மனியின் கில்பர்ட் ஃபுக்ஸ். பிறகு பல ஆண்டுகள் டாவோஸ், வியன்னா, ஸ்டாக்ஹோம், லண்டன் என்று ஒரு சிறிய வட்டத்துக்குள்ளேயே அது சுற்றிவந்தது. உறைபனி வேண்டும், பொழுது வேண்டும், கையில் காசு வேண்டும். மூன்றும் ஒருசேர வாய்த்த ஊர்களில்தான் ரசிகர் இருந்தார். செயற்கைப் பனித்தளம் 1876லேயே லண்டனின் செல்சீ பகுதிக்கு வந்துவிட்டது என்பது உண்மை. அதற்குள் நுழைய உறுப்பினராக வேண்டும். உறுப்பினராகப் பெரிய வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும்.

ரசிகர் இருக்கும் ஊர் ஒரு கலைஞனின் தலைவிதியையே தீர்மானிக்கும் என்பதற்கு ஜாக்சன் ஹெய்ன்ஸ் முதல் சாட்சி. அமெரிக்கர், பாலே தெரிந்தவர். 1860களில் அவர் கைகளை விரித்து, இசைக்கேற்ப உடலை வளைத்துச் சறுக்கியதை ஊர்க்காரர்கள் ரசிக்கவில்லை. பனியில் எட்டு வடிவக் கோட்டைப் பிசகாமல் போடுவதுதான் அவர்களுக்குத் திறமை. ஹெய்ன்ஸ் கப்பலேறினார். வால்ட்ஸ் இசையில் ஊறிய வியன்னா அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. இன்று நாம் பார்க்கும் ஃபிகர் ஸ்கேட்டிங் அங்கிருந்துதான் கிளை பிரிந்தது. அவர் 1875இல் பின்லாந்தில் இறந்தார். பிறந்த நாடு அவருடைய பாணிக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது.

வியன்னாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலகச் சாம்பியன்ஷிப் கடைசியாகத் திறந்த வெளியில் நடந்தது அங்கேதான், 1967இல். காற்றிலும் தூறலிலும் போட்டியாளருக்கு மட்டுமல்ல, பார்க்க வந்தவருக்கும் பங்கு உண்டு. இத்தனை பாந்தமான அந்த ஊருக்கு 1979க்குப் பிறகு உலகச் சாம்பியன்ஷிப் போகவே இல்லை. டோக்கியோவை ஒட்டிய சைத்தாமாவின் அரங்கமோ 2014, 2019, 2023 என்று பத்தாண்டுக்குள் மூன்று முறை அதை நடத்தியது. இருக்கை விற்கும் ஊருக்குப் போட்டி போகிறது. பனி எங்கே இயற்கையாக உறைகிறது என்ற கேள்வி யாருக்கும் இல்லை.

இந்த இடப்பெயர்ச்சி எப்போது தொடங்கியது? ஒரு தேதி சொல்லச் சொன்னால் 1972 பிப்ரவரி, சப்போரோ ஒலிம்பிக் என்பேன். அப்போது மொத்த மதிப்பெண்ணில் பாதி கட்டாய வடிவங்களுக்கு. ஸ்கேட்டர் ஒற்றைக் காலில் மெதுவாக வட்டங்கள் போடுவார், நடுவர்கள் குனிந்து பனியில் விழுந்த கோட்டை ஆராய்வார்கள். பார்க்க ஆள் வராது. வந்தாலும் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கோடு தெரியாது. ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபா அதில் ஈடில்லாதவர். இசையோடு ஆடும் சுதந்திர ஆட்டத்தில் ஏழாவதாக வந்தும் தங்கம் அவருக்கே. சுதந்திர ஆட்டத்தில் முன்னால் நின்ற அமெரிக்கப் பெண் ஜேனட் லின்னுக்கு வெண்கலம். அதிலும் அவர் ஒரு சுழற்சியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் சிரித்துக்கொண்டே எழுந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

அந்தச் சிரிப்பை ஜப்பான் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. தங்கம் வென்றவரின் பெயர் எத்தனை வீடுகளில் நினைவில் நின்றதோ தெரியாது. விழுந்தவரின் பெயர் நின்றது. ஒலிம்பிக் கிராமத்தில் தம் அறைச் சுவரில் ‘அமைதியும் அன்பும்’ என்று அவர் எழுதிவிட்டுப் போனதைக்கூட ஜப்பானியர்கள் பாதுகாக்க வேண்டிய பொருளாகப் பேசினார்கள். கால்பிஸ் என்ற பானத்தின் விளம்பரத்தில் அவர் வந்தார். அதுவரை பனித்தளத்தின் ஓரத்தில் நின்றவர்கள் மட்டுமே ரசிகர்கள். இப்போது ஸ்கேட்டையே தொட்டறியாத ஒரு தேசம் ரசிகரானது. நடுவரின் கண்ணுக்கும் வீட்டுக் கூடத்தின் கண்ணுக்கும் இருந்த இந்த இடைவெளியைச் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கமும் உணர்ந்தது. அடுத்த ஆண்டே குறு நிகழ்ச்சி என்ற புதிய பிரிவைச் சேர்த்துக் கட்டாய வடிவங்களின் எடையைக் குறைத்தார்கள். 1990க்குப் பிறகு அவற்றை அடியோடு எடுத்துவிட்டார்கள்.

தொலைக்காட்சி வந்ததும் எல்லா ஊரும் ஒன்றாகிவிடவில்லை. சரஜெவோ ஒலிம்பிக்கில் 1984 பிப்ரவரி 14 அன்று பிரிட்டனின் பனி நடன இணையான டார்வில்–டீன் ‘பொலேரோ’ இசைக்கு ஆடியதைப் பிரிட்டனில் மட்டும் 2 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள் என்பார்கள். அவர்களுடைய சொந்த ஊர் நாட்டிங்ஹாமில் இன்று பனி அரங்கம் இருக்கும் இடத்துக்குப் பொலேரோ சதுக்கம் என்றே பெயர். ஆட்டம் நடந்த சரஜெவோ ஸெத்ரா அரங்கம் போரில் குண்டு விழுந்து சிதைந்தது. பக்கத்திலேயே இடுகாடு பரவியது. 1999இல் அதைத் திரும்பக் கட்டினார்கள்.

பிரிட்டன்காரர் பார்த்ததைக் கனடாக்காரர் பார்க்க வேண்டுமானால் வீடியோ கேசட்தான் வழி. அக்காலத்து ரசிகர்களின் தபால் செலவைப் பற்றி யாராவது ஒரு புத்தகம் எழுதலாம். மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பதிவான கேசட் பால் (PAL) முறை. அமெரிக்காவும் ஜப்பானும் என்டிஎஸ்சி முறை. பிரான்சும் சோவியத் நாடுகளும் செகாம் முறை. ஆசையாக வரவழைத்த கேசட்டை வீட்டுப் பெட்டியில் போட்டால் படம் உருளும், நிறம் போய்விடும். ஆகவே ‘எந்த ஊர்’ என்று கேட்டது உறவாடுவதற்கு மட்டுமல்ல. கேசட்டை எந்த முறையில் மாற்றி அனுப்புவது என்று தெரிந்துகொள்ளவும்தான். பிரதியின் பிரதியாக ஊர் ஊராய்ச் சுற்றி வந்ததில் ஸ்கேட்டரின் முகம் தெரியாது. காலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பார்கள். அந்தத் தலைமுறை ரசிகர்களுக்குக் கத்தியின் எந்த விளிம்பில் ஏறித் தாவுகிறார் என்பதில் இருக்கும் கூர்மை, துல்லியத் திரையில் பார்த்து வளர்ந்த எங்களுக்கு வருவதில்லை.

அமெரிக்கா ஒரு கட்டத்தில் இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய வீட்டுக் கூடமாக இருந்தது. 1994 ஜனவரியில் டெட்ராய்ட்டில் அமெரிக்க ஸ்கேட்டர் நான்சி கெரிகனின் காலில் அடி விழுந்ததும், போட்டியாளர் டோன்யா ஹார்டிங்கின் வட்டாரத்தை நோக்கி விரல் நீண்டதும் எல்லோரும் அறிந்த கதை. ஏறக்குறைய ஏழு வாரம் கழித்து நார்வேயில் நடந்த ஒலிம்பிக்கில் இருவரும் பனியில் இறங்கிய இரவு, தொலைக்காட்சி இருந்த அமெரிக்க வீடுகளில் ஏறக்குறையப் பாதியில் அதுதான் ஓடியது. உண்மையில் போட்டி முடிந்து பல மணி நேரம் ஆகியிருந்தது. மாலைக் கூட்டத்துக்காகப் பிடித்துவைத்து ஒளிபரப்பினார்கள். அந்தச் சூட்டில் தொழில்முறைப் போட்டிகளும் பனி நிகழ்ச்சிகளும் வாரந்தோறும் பெருகின. எதுவும் திகட்டும்வரை பரிமாறினால் என்ன ஆகும்? 2002 சால்ட் லேக் ஒலிம்பிக்கில் நடுவர் பேரம் அம்பலமாகி இரண்டு இணைகளுக்குத் தங்கம் தர நேர்ந்தது. பாட்டிக்கும் புரிந்த 6.0 மதிப்பெண் போய், தசமப் புள்ளிகளின் கணக்குப் புத்தகம் வந்தது. புதிய முறை நியாயமானதுதான், நான் அதன் பக்கம். ஆனால் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து ‘5.9 குடுத்துட்டானே’ என்று கோபப்பட்டவர் அதன்பின் எட்டிப் பார்க்கவில்லை.

அதே ஆண்டுகளில் கிழக்கு நிறைந்துகொண்டிருந்தது. நகோயாவின் மிதோரி இதோ, மூன்றரைச் சுற்று ஆக்ஸல் தாவலோடு 1989இல் பாரிசில் உலகப் பட்டம் வென்ற முதல் ஆசியரானார். சீனாவின் யாவ் பின், படங்களைப் பார்த்தே தூக்கும் வித்தைகளைக் கற்று 1980இல் டார்ட்மண்ட் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆடிக் கடைசி இடம் பெற்றவர். பிறகு ஹார்பினில் பயிற்சியாளராக உட்கார்ந்து, ஷென் சுவே–ஜாவோ ஹாங்போ இணையை 2002இல் உலகப் பட்டத்துக்கும் 2010இல் ஒலிம்பிக் தங்கத்துக்கும் கொண்டுபோனார். கொரியாவில் கிம் யுனா, பொழுதுபோக்குப் பூங்காவின் பனித்தளத்தில்கூட நேரம் கேட்டு வாங்கிப் பழகியவர், வான்கூவர் ஒலிம்பிக்கில் 228.56 புள்ளிகள் எடுத்தபோது அவருடைய நாட்டில் அந்த ஆட்டத்துக்கென்று ஒரு மரபே கிடையாது. அவருக்குப் பின் வந்த சிறுமிகள்தான் மரபு.

செண்டாய்க்குத் திரும்பிப் போகிறேன். ரசிகரின் கை பனித்தளம்வரை நீண்டது அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. அராகவாவும் ஹன்யுவும் பழகிய பனித்தளம் 2004 டிசம்பரில் மூடப்பட்டது. காரணம் பணம். பத்து வயது ஹன்யு நகரின் வேறொரு தளத்துக்கு மாறினார். 2006இல் டூரினில் அராகவா தங்கம் வென்றார். ஜப்பானுக்கு அந்த ஒலிம்பிக்கில் கிடைத்த ஒரே பதக்கம் அது. ஊர் திரும்பியவர் மேடைதோறும் மூடிய தளத்தைப் பற்றிப் பேச, 2007 மார்ச்சில் அது மறுபடி திறந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2011 மார்ச் 11 பிற்பகலில், பதினாறு வயது ஹன்யு அங்கே பயிற்சியில் இருந்தபோது பூமி குலுங்கியது. ஸ்கேட்டைக் கழற்றாமலே வெளியே ஓடினார். தளம் ஜூலைவரை மூடிக்கிடந்தது. நாடெங்கும் பனி நிகழ்ச்சிகளில் ஆடிக்கொண்டே அதைப் பயிற்சியாக்கிக்கொண்டார். பிறகு தம் முதல் புத்தகம் ‘நீல நெருப்பு’ விற்ற உரிமைத்தொகையைச் செண்டாய் தளத்துக்கே கொடுத்தார். அதாவது ஒசாகாவிலோ ஹாங்காங்கிலோ ஒரு ரசிகை அந்தப் புத்தகத்தை வாங்கும்போது, தான் காணாத ஓர் ஊரில் பனியை உறைய வைக்கும் இயந்திரத்துக்குச் சில யென் போகிறது.

ரசிகை என்று தெரிந்தேதான் எழுதினேன். கிழக்கின் இந்தக் கூட்டத்தில் பெண்களே பெரும்பகுதி. நடுவயதுப் பெண்கள் கணிசம். 2017இல் ஹெல்சின்கியில் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தபோது பின்லாந்தின் அரங்கத்தில் ஜப்பான் கொடிகள் சுவர்சுவராகத் தொங்கின. ஹன்யு சுதந்திர ஆட்டத்தில் 223.20 எடுத்து ஐந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்த இரவு அது. அடுத்த ஆண்டு பியோங்சாங் ஒலிம்பிக்கில் அவர் ஆடி முடித்ததும் மஞ்சள் கரடிப் பொம்மைகள் மழையாகக் கொட்டின. செண்டாயில் அவருக்காக நடந்த வெற்றிப் பேரணியில் 2014இல் 92,000 பேர், 2018இல் 1,08,000 பேர். பத்து லட்சத்துச் சொச்சம் மக்கள் வாழும் ஊர் அது. கோபேயில் யுசுருஹா என்றொரு கோயில் இருக்கிறது. பெயர்ப் பொருத்தத்தால் அவருடைய ரசிகர்களுக்கு அது தலமாகிவிட்டது. வேண்டுதல் எழுதித் தொங்கவிடும் மரப்பலகைகளில் சீனமும் கொரியமும் ஆங்கிலமும் கலந்து கிடக்கும். 2023 பிப்ரவரியில், போட்டிகளிலிருந்து விலகிய பிறகு, டோக்கியோ டோமில் அவர் தனியாக ஆடினார். பேஸ்பால் மைதானம் அது. முப்பத்தைந்தாயிரம் பேருக்கு நடுவே பனி போட்டார்கள்.

இதையெல்லாம் வெறும் நட்சத்திர மோகம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஓரளவு மோகம்தான். ஓர் ஆட்டக்காரர் போனதும் காலியாகும் இருக்கைகளைப் பற்றி ஜப்பானிலேயே கவலைப்படுகிறார்கள். ஆனால் வியன்னாக்காரர்கள் ஹெய்ன்ஸிடம் காட்டியதும் மோகம்தானே? அன்று அதை வரலாறு என்று எழுதினார்கள், பார்த்தவர்கள் பிரபுக்கள் என்பதால்.

கற்பனைப் பாத்திரங்களுக்கும் இப்போது ஊர் உண்டு. ‘யூரி ஆன் ஐஸ்’ அனிமே 2016இல் வந்தது. அதன் நாயகனின் கடலோர ஊர், கியூஷு தீவின் கராட்சு நகரத்தை வைத்து வரைந்தது. வெளிநாட்டு ரசிகர்கள் கூட்டமாகக் கராட்சு போனார்கள். அந்தத் தொடரில் ஒரு ஸ்கேட்டர் தாய்லாந்துக்காரர், இன்னொருவர் கஸகஸ்தான்காரர் என்பதும் கவனிக்கத்தக்கது. நிஜத்தில் கஸகஸ்தானின் டெனிஸ் டென் 2014இல் சோச்சியில் வெண்கலம் வாங்கியிருந்தார். 2018இல் அல்மாட்டியில் திருடர்களின் கத்திக்குப் பலியானார்.

பூமத்திய ரேகைப் பக்கம் வந்தால் பனி வணிக வளாகத்துக்குள் இருக்கிறது. பிலிப்பைன்சின் மைக்கேல் மார்ட்டினெஸ், ஆஸ்துமா இருந்த சிறுவன், மணிலாப் பக்கத்து வளாகமொன்றில் சறுக்கத் தொடங்கி 2014இல் ஒலிம்பிக்வரை போனார். மலேசியாவின் ஜூலியன் யீ, சன்வே பிரமிட் வளாகத்தின் பனித்தளத்துப் பிள்ளை. 2018இல் பியோங்சாங்கில் ஆடினார். கடைகளுக்கு நடுவில் இருக்கும் பனிக்கு ஒரே சிக்கல், கடை போனால் அதுவும் போகும். சிங்கப்பூரில் ஜூரோங் பகுதியின் ஜேகியூப் 2023 ஆகஸ்டில் மூடியபோது, ஒலிம்பிக் அளவுத் தளம் ஒன்றும் சேர்ந்து மூடியது.

இந்தியாவில் பழைய கதையும் புதிய கதையும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. சிம்லாவில் 1920 முதல் இரவுக் குளிரில் தண்ணீர் பாய்ச்சி உறையவிட்டுக் காலையில் சறுக்குகிறார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் வழிதான் அது. இப்போது குளிர்காலம் குறுகக் குறுகச் சறுக்கும் நாட்களும் குறைகின்றன. டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காகக் கட்டிய உள்ளரங்கப் பனித்தளம், மின்கட்டணத்துக்கே வழியில்லாமல் பத்தாண்டுக்கு மேல் பூட்டிக்கிடந்து 2025இல்தான் உயிர் பெற்றது. இந்தியக் கொடியின் கீழ் ஆடும் தாரா பிரசாத் பிறந்து வளர்ந்து பயிற்சி பெற்றதெல்லாம் அமெரிக்காவில். ஆட்டக்காரர் ஓரிடம், கொடி ஓரிடம், பார்க்கிற நாங்கள் சென்னையில் மின்விசிறியின் அடியில்.

எங்கள் கணக்கு எளிது. சைத்தாமாவில் மாலை ஏழு மணி என்றால் இங்கே பிற்பகல் மூன்றரை. அலுவலகத்தில் திருட்டுத்தனமாகப் பார்க்கலாம். மாண்ட்ரியாலில் மாலை ஏழு என்றால் மறுநாள் அதிகாலை நாலரை. பால்காரருக்கு முன்னால் எழ வேண்டும். ஜூனியர் போட்டிகளை யூடியூபில் உலகத்துக்கே இலவசமாகக் காட்டுகிறார்கள். பெரியவர்களின் போட்டியைத் தட்டினால் ‘உங்கள் நாட்டில் இந்தக் காணொளி கிடைக்காது’ என்று வரும். பால், என்டிஎஸ்சி தொல்லை வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது. 2022 மார்ச்சில் ரஷ்ய ஸ்கேட்டர்களுக்குத் தடை விழுந்த பிறகு இன்னொரு பிளவும் சேர்ந்தது. முதல் சாம்பியன்ஷிப்பை நடத்திய நகரத்தின் ரசிகர்கள் தங்கள் உள்நாட்டுப் போட்டிகளை ஒரு பக்கம் பார்க்க, மற்ற உலகம் வேறொன்றைப் பார்த்தது.

இருக்கை கிழக்கில் விற்றாலும் கடிகாரம் இன்னும் கிழக்குக்கு வரவில்லை. பியோங்சாங்கில் ஒலிம்பிக் ஃபிகர் ஸ்கேட்டிங்கும், பெய்ஜிங்கில் அதன் பல பிரிவுகளும் உள்ளூர் நேரம் காலையில் நடந்தன. தசை முழுதாக விழிக்காத வேளையில் நான்கு சுற்றுத் தாவல்கள். காரணம், நியூயார்க்கில் அப்போதுதான் இரவுச் சாப்பாடு முடிந்து தொலைக்காட்சி முன் உட்காருவார்கள். ஒளிபரப்பு உரிமைக்கு அதிகம் கொடுப்பது அங்கிருந்துதான். அரங்கத்தில் உட்கார்ந்திருந்த சியோல்காரரும், பக்கத்து நேர மண்டலங்களில் இருந்த கோடிக்கணக்கானவர்களும் தங்கள் நாளை அமெரிக்க மாலைக்குத் தக்கபடி திருப்பிவைத்துக்கொண்டார்கள்.

சங்கத்தின் வரைபடமும் அப்படித்தான். ஐரோப்பாவுக்கென்று 1891 முதல் தனி சாம்பியன்ஷிப் இருக்கிறது. மற்றவர்களுக்கு 1999இல் ஒன்று வந்தது: நான்கு கண்டச் சாம்பியன்ஷிப். ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கக் கண்டங்கள், ஓசியானியா எல்லாம் சேர்த்து ஒரே போட்டி. டோக்கியோவும் டொரன்டோவும் மணிலாவும் கேப் டவுனும் டேராடூனும் அதற்குள்தான். ஐரோப்பாவைத் தவிர மீதி உலகம் என்று பிரித்த அந்தக் கணக்கை, இருக்கைகளை நிரப்புகிறவர்கள் இந்தப் பக்கம் குடிபெயர்ந்து இத்தனை காலமாகியும் யாரும் திருத்தவில்லை.